ஞானரத்தினத்துக்கு வந்த தபால்

“இன்பத்தை அமெரிக்காவுல காலேஜுக்குக் கூப்பிட்டாங்களாம். அவதான் அம்மையை விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டாளாம்.”

என் தம்பி ஊரிலிருந்து இப்படி எழுதியிருந்தான். அவனுக்குச் சொன்னது ஜவுளிக்கடை பாதுஷா. பாதுஷாவுக்கு யார் சொன்னார்கள் என்று எழுதவில்லை. சங்கரன்கோவிலில் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி கல்யாணமாகாமல் வேலைக்குப் போய்வந்தால், ஊர் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷம் முன்பு வரை அது செவ்வாய் தோஷமாக இருந்தது. கிறிஸ்தவப் பெண்ணுக்கு ஏது செவ்வாய் தோஷம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது அமெரிக்கா.

அது 1985 ஜூன் மாதம். நான் கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஊர்க் கடிதத்தை உடைக்கும்போது யாருக்கு என்ன ஆச்சோ என்று பயப்படுகிற ஆள் நான். ‘எல்லாரும் நலம்’ என்ற வரியைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் மேலிருந்து படிப்பேன். அந்தக் கடிதத்தில் எல்லாரும் நலம்தான். ஆனாலும் இந்தச் செய்தியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. அது பொய் என்று எனக்குத் தெரியும். 1976-இல் ஏப்ரல், மே இரண்டு மாதமும் என் சிநேகிதி இன்பத்தோடு அவள் வீட்டு வாசலில் நின்று தபால்காரருக்காகக் காத்திருந்தவள் நான். அமெரிக்காவிலிருந்து அவளுக்கு ஒன்றுமே வரவில்லை.

இன்பத்தின் அப்பா ஞானரத்தினம் சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைத்திருந்தார். தினமும் காலை எட்டரைக்கு அதைப் பார்த்து நோட்டில் எழுதுவார். எங்கள் ஊரில் வருஷத்தில் முந்நூறு நாளுக்கு அவர் எழுதியது பூஜ்யம்தான். அதையும் தேதி போட்டுத் திருத்தமாக எழுதுவார். அப்பாவிடமிருந்து இன்பத்துக்குத் தொற்றியது இந்த அளக்கிற புத்தி. பதினாறு வயதில் அவள் திருவேங்கடம் பஸ்ஸில் ஏறிப் போய், வழியில் இறங்கி, கரிசல் காட்டில் வெயிலுக்கு விழுந்திருக்கும் வெடிப்புகளை அளந்துகொண்டு வந்தாள். பழைய சைக்கிள் கம்பி ஒன்றில் அரத்தால் கோடு போட்டு வைத்திருந்தாள். பங்குனியில் ஆரம்பித்து முதல் மழை விழும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே பத்து வெடிப்புகள். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் அந்தக் காட்டுக்காரர் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

“ஏ புள்ள, என்ன, பூமிக்குக் காய்ச்ச பாக்கியா?”

“ஆமா மாமா. நூத்தி நாலு இருக்கு.”

“ஊசி கீசி போட்டுறாத. நெலம் எம் பேர்ல இருக்கு.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் யோசனை சாருடையது. எங்கள் ஊரிலேயே அமெரிக்காவிலிருந்து அதிகம் தபால் வருவது அவருக்குத்தான். வேதபாடத் தபால் வகுப்பு, மிஷன் பத்திரிகை, வருஷா வருஷம் பனிமலைப் படம் போட்ட காலண்டர். தபால்காரர் துரைப்பாண்டி அண்ணாச்சி சைக்கிள் மணியை அடித்துவிட்டு, “சார்வாள், உங்களுக்கு மாமனார் வீடு அமெரிக்காவா? மாசம் மூணு காயிதம் வருதே” என்று கேட்பார். முன்பு பாளையங்கோட்டையில் இருந்துவிட்டு அமெரிக்கா திரும்பிய ஒரு மிஷனரி அம்மாவுக்கு சார் இன்பத்தின் கரிசல் கணக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த அம்மா ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தாள்களை வாங்கி அனுப்பிவிட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முழு உதவித்தொகை உண்டு, ஆனால் நூறு பேர் கேட்டால் நாலு பேருக்குத்தான் கிடைக்கும் என்று கூடவே ஒரு குறிப்பு.

இன்பம் அப்போது பி.யூ.சி. முடித்திருந்தாள். ஒரு வருஷம் போனால் போகிறது என்று சார் அவளைக் காலேஜில் சேர்க்காமல் இதற்காக வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார். பரீட்சை மெட்ராஸில். அப்பாவும் மகளும் கொல்லம் மெயிலில் போய் எழுதிவிட்டு வந்தார்கள். கட்டுரை எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தது. அவள் கரிசல் வெடிப்புகளையும் சைக்கிள் கம்பியையும், பூமிக்குக் காய்ச்சல் பார்க்கிறாயா என்று கேட்டவரையும் எழுதினாள்.

நான் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் விண்ணப்பத்தைத் தட்டும் வேலை என்னுடையது. மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மூவரும் போனோம். பின்தெருவில் தறிச்சத்தம். முதல் தாளிலேயே நான் நின்றுவிட்டேன். குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். முதல் கட்டத்துக்கு என்ன எழுதுவது? எங்கள் பக்கத்தில் யாருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்று, அப்புறம் நம் பெயர், முடிந்தது.

“ஜி-ன்னு மட்டும் அடிச்சிரட்டுமா சார்?”

“வேண்டாம்மா. ஒத்த எழுத்தப் பாத்தா ஏதோ விட்டுப்போச்சுன்னு தாளையே தள்ளி வச்சிருவாங்க. என் பேர முழுசா அடி.” சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “அங்கன போனா எல்லாரும் இவள மிஸ் ஞானரத்தினம்னுதான் கூப்பிடுவாங்க. எம் பேரு கடல் தாண்டிப் போவுதுல்லா.”

“அப்போ நான் போகலியாப்பா, நீங்கதான் போறீயளா?” என்றாள் இன்பம்.

அன்று அவர் சிரித்த சிரிப்பு. ஞானரத்தினம் என்பதை ஆங்கிலத்தில் தப்பில்லாமல் அடிக்க எனக்கு மூன்று முறை ஆயிற்று.

டிசம்பரில் தபாலில் சேர்த்தோம். பிப்ரவரி முதல் வாரம், காலை எட்டரை மணிக்கு, முற்றத்தில் மழைமானிக்குப் பக்கத்தில் சார் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஐம்பது வயது. அன்றைய தேதிக்கு நேரே நோட்டில் பூஜ்யம் போட்டிருந்தது.

இனி நான் சொல்வது எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்தது.

சார் போய் மூன்று வாரம் இருக்கும். சர்டிபிகேட் விஷயமாக இன்பம் பாளையங்கோட்டை போயிருந்தாள். அவள் அம்மா ஜெபமணி அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று நான் போய் உட்கார்ந்திருந்தேன். துரைப்பாண்டி அண்ணாச்சி வந்து ஒரு மிஷன் பத்திரிகையைக் கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டில் சார் பெயர். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சில் அழுத்திக்கொண்டு அப்படியே சரிந்தார்கள். மூச்சு ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. நான் தண்ணீர் தெளித்தேன். அண்ணாச்சி பையைக் கீழே போட்டுவிட்டுப் பனைவிசிறியால் வீசினார். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

“அண்ணாச்சி, அவுக பேருக்கு அங்கயிருந்து வாரத இனிமே கொண்டாராதீய. உசுரோட இருக்கிற மாதிரி பேரு போட்டு அனுப்புதாங்களே. என்னால தாங்க முடியல.”

“சரிம்மா. சார்வாள் பேருக்கு வர்ற அமெரிக்கா தபால் ஒண்ணும் இனிமே இந்த வாசப்படி ஏறாது. எழுதித் திருப்பிவிட்டுருதேன்.”

“இன்பத்துக்குத் தெரியாண்டாம். அப்பா பேரு போட்ட காயிதம்னா ஒவ்வொண்ணா எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துருவா.” பிறகு என்னைப் பார்த்து, “ஏட்டி சுப்பு, நீயும் வாயத் தொறக்காத.”

நான் தலையாட்டினேன். அந்தப் பெயரை விண்ணப்பத்தின் முதல் கட்டத்தில் என் கையால் தட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஏப்ரலில் பதில் வரும் என்று தாளிலேயே போட்டிருந்தது. பதினோரு மணிக்கு அண்ணாச்சியின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே இன்பம் வாசலுக்கு வந்துவிடுவாள். நானும் பின்னால் போய் நிற்பேன்.

“அண்ணாச்சி, எனக்கு?”

“உனக்கு ஒண்ணும் இல்ல தாயி.”

தினம் இதே கேள்வி, இதே பதில். சில நாள், “நாளைக்கு வரும் தாயி, எங்க போவுது” என்று சேர்த்துச் சொல்வார். அந்த மனிதர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அப்போதும் தான் சொன்னது பொய்யில்லை என்றுதான் அவர் நினைத்தார்.

மே முடிந்தது. உள்ளூர்க் காலேஜுகளில் பி.எஸ்ஸி.க்கு இடம் போட்டு முடித்துவிட்டார்கள். “ஒரு எடத்த அடைச்சு வச்சுட்டு அப்புறம் அங்க கூப்பிட்டா என்ன செய்ய?” என்று அவள் விண்ணப்பமே போடவில்லை. ஜூலையில் ஒருநாள் நான் போனபோது முற்றத்தில் மழைமானி இல்லை. பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டாளாம். கோடு போட்ட சைக்கிள் கம்பியால் சாக்கடை அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தாள்.

“எழுதிக் கேட்டுப் பாரேன்ட்டி” என்றேன்.

“என்னன்னு கேக்க? வேண்டாம்னு சொல்லக்கூட ஒரு தாள் செலவழிக்கலியே அவங்க.” கம்பியை இழுத்து உதறினாள். “அப்பா இருந்திருந்தா எவ்வளவு வெக்கப்பட்டிருப்பாங்க. நல்லவேள, பாக்கல.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அழாமல் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அமெரிக்கா என்ற பேச்சே கிடையாது.

அடுத்த வருஷம் துரைப்பாண்டி அண்ணாச்சியே டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குத் தாள் வாங்கிக்கொண்டு வந்தார். “நம்ம டிபார்ட்மெண்டுதான் தாயி, பயப்படாம போடு.” அவளுடைய மார்க்குக்கு உடனே கிடைத்தது. எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சிலேயே வேலை. எட்டு வருஷமாகக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பருத்திக் கமிஷன்காரர்களையும் பூக்கடைக்காரர்களையும் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இணைத்துக்கொண்டிருக்கிறாள். மணி மூன்று முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. வாய் மட்டும் குறையவில்லை.

“ஏ பிள்ள, மதுர கெடைக்குமா கெடைக்காதா?” என்பார் பாதுஷா.

“மதுர அங்கனயேதான் இருக்கு மொதலாளி. லைன்தான் இல்ல.”

நான் இங்கே வந்த பிறகு மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்துத்தான் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று. மழை பெய்தால் ‘நல்ல மழை’ என்று எழுதுவாள். எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியதே இல்லை. என்னைக் கேட்டால், அவளுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அது ஒன்றே போதும்.

தம்பியின் கடிதம் வந்த வாரத்தில் இன்பத்தின் கடிதமும் வந்தது. இலாகாவில் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு வைக்கிறார்கள், ஆபரேட்டர்களும் எழுதலாம், வயது வரம்பில் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். அக்டோபர் 18-க்குள் தாள் கொடுக்க வேண்டும். மேலதிகாரியே கூப்பிட்டுச் சொன்னாராம். ‘எனக்கு எதுக்குட்டி? என்னைய ஒருதடவ எடை போட்டுப் பாத்துட்டாங்கல்லா. திரும்பத் திரும்பத் தராசுல ஏற நான் என்ன பருத்தியா?’ என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியைப் படித்த பிறகுதான் நான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். ஆறு வருஷமாக அதே தேசத்தில் இருக்கிறேன். ஒரு தபால் தலை ஒட்டி முன்பே கேட்டிருக்கலாம். நிஜமாகவே அவளை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது எனக்குத் தெரிய வேண்டாம் என்ற பயம். இப்போது ஊர்ப்பேச்சைச் சாக்காக வைத்து, 1976-இல் இந்தப் பெயரில் ஒரு விண்ணப்பம் வந்ததா, என்ன முடிவு செய்தீர்கள் என்று நான்கு வரி எழுதிப் போட்டேன்.

ஜூலை, ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பர் கடைசியில் பதில் வந்தது. பழைய கோப்புகளைப் பார்க்கும் ஒரு பெண் ஊழியர் எழுதியிருந்தார். செல்வி ஞானரத்தினத்தை முழு உதவித்தொகையோடு சேர்த்துக்கொள்ளத் தீர்மானித்திருந்தோம். கட்டுரையின் ஓரத்தில் ஒருவர், ‘சைக்கிள் கம்பிப் பெண்ணை எப்படியும் வரவழையுங்கள்’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். செல்வி ஞானரத்தினத்தின் மறைவுச் செய்தி வந்தபோது அலுவலகத்தில் எல்லாரும் வருந்தினார்களாம். கோப்பை அழிக்க மனமில்லாமல் யாரோ தனியாக எடுத்து வைத்திருந்ததால்தான் இத்தனை வருஷம் கழித்தும் கிடைத்தது. குடும்பத்தாரிடம் எங்கள் அனுதாபத்தைச் சொல்லுங்கள்.

கூடவே திரும்பி வந்த உறையின் நகல். மெஷினில் அச்சடித்து ஒட்டிய சீட்டு. முதலில் ஞானரத்தினம், அதற்குப் பின்னால் இன்பத்துக்கு ஒரே ஓர் எழுத்து. அதன் குறுக்கே ஆங்கிலத்தில், பெறுநர் காலமானார், அனுப்பியவருக்குத் திருப்புக. துரைப்பாண்டி அண்ணாச்சியின் சாய்ந்த எழுத்து. தேதி 21-4-76. ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை. அன்றும் பதினோரு மணிக்கு நான் இன்பத்தின் பின்னால் அந்த வாசலில் நின்றிருப்பேன். உனக்கு ஒண்ணும் இல்ல தாயி என்று அவர் சொல்லியிருப்பார்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை வந்து என்னம்மா என்று தோளை உலுக்கியது. பெயரைத் தட்டியது நான். திருப்பி அனுப்பச் சொன்னதைக் கேட்டதும் நான். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

“இப்ப போய் எதுக்கு? அவங்க ஏதோ நிம்மதியா இருக்காங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

நிம்மதி என்றா சொல்வது அதை? எட்டு வருஷமாகத் தன்னை ஒன்றுக்கும் ஆகாதவள் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தி ஹெட்போனை மாட்டுகிறாள். இதைச் சொன்னால் அந்தத் தேர்வை எழுதுவாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் சொன்னால், யார் திருப்பினார்கள் என்று கேட்பாள். அண்ணாச்சியிடம் போவாள். அவர் மறைக்கத் தெரியாதவர், நடந்ததைச் சொல்லிவிடுவார். பிறகு அவள் வீட்டுக்கு வர வேண்டும். கண் தெரியாமல் சோற்றுக்குக் கை நீட்டும் அந்த அம்மாவுக்குப் பிசைந்து ஊட்ட வேண்டும். அந்த அம்மாவுக்குத் தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பாதியை மட்டும் சொல்லலாமா, எங்கோ தபாலில் தொலைந்துவிட்டது என்று? காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். கிழித்தேன். பதினைந்து நாள் இப்படியே போயிற்று. எழுதினாலும் இனிமேல் தேதிக்குள் போய்ச் சேராது.

இன்று அக்டோபர் 16, புதன்கிழமை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எட்டரை மணிக்கு போனை எடுத்தேன். ஊரில் மாலை ஆறு. இந்த வாரம் அவளுக்கு இரண்டிலிருந்து ஒன்பது வரை டூட்டி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாள். இங்குள்ள ஆபரேட்டர், பம்பாய், மெட்ராஸ் என்று ஒவ்வொரு குரலாகக் கைமாறி, கடைசியில் திருநெல்வேலி கிடைத்தது. ஒரு பெண்.

“அமெரிக்கா காலா? எந்த நம்பர் மேடம்?”

“நம்பர் இல்லம்மா. சங்கரன்கோவில் எக்ஸ்சேஞ்சுக்கே வேணும். ஆபரேட்டர் இன்பத்துக்கிட்ட பேசணும்.”

“இன்பம் அக்காவா!” குரலில் சிரிப்பு வந்தது. “லைன்ல இருங்க, அடிக்கேன். அக்கா டக்குனு எடுத்துருவாங்க.”

மணி போகத் தொடங்கியது. என் மடியில் அந்த உறையின் நகல். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இன்பம், உன்னைக் கூப்பிட்டிருந்தாங்கட்டி. அதற்கு மேல் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மூன்று முறை மணி அடித்து முடிந்தது. நான்கு. ஐந்து. நகலை மடித்தேன், மறுபடி விரித்தேன்.

“என்னன்னு தெரியல மேடம், எடுக்க மாட்டேங்கிறாங்க” என்றது திருநெல்வேலி. “மணி நல்லாத்தான் போவுது. இன்னும் அடிக்கட்டுமா?”

“அடிங்கம்மா” என்றேன்.